ஆறாம் கட்டத்தில் சும்மா

செவ்வாய்க்கிழமை

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நலம். அப்பா நலம். நலப் பிரிவும் நலமாக இருப்பதாக உன் அலுவலக ஓட்டுநர் சொன்னார். நீ நலமா என்று கேட்கத்தான் பேனாவை எடுத்தேன். ஆனால் நேற்று போனில் நீ கேட்ட முதல் கேள்வி, "காந்தம் வந்தாளா, சாப்பிட்டாளா?" என்பது. அதனால் என் கேள்வியை நிறுத்தி வைத்திருக்கிறேன். வந்தாள். சாப்பிட்டாள். நீ கேட்காவிட்டாலும் உன் மகளும் சாப்பிட்டாள்.

போனில் பேசினால் நான் சண்டை போடுகிறேன், எழுதினால் கொஞ்சமாவது யோசிப்பேன் என்று சொன்னது நீதான். அலுவலகத் தபால் பை செவ்வாயும் வெள்ளியும் தலைநகருக்கு வருகிறது, அதில் போடு என்றாய். ஆக, இந்தக் கடிதம் உன் கோப்புகளோடு இடித்துப் பிடித்துக்கொண்டு வருகிறது. தவறிப்போய் என்னையும் ஒரு கோப்பு என்று நினைத்தாவது பிரித்துப் பார்ப்பாய்.

முதலில் வீட்டுச் செய்தி. அப்பா காலையிலிருந்து யாரோ ஒருவருடைய மேல்வரிசைப் பற்களை உள்ளங்கையில் வைத்துத் தேய்த்துக்கொண்டிருக்கிறார். ஊரில் பாதிப் பேர் அவர் செய்த பல் செட்டால்தான் சிரிக்கிறார்கள். என்னைப் பார்த்தால் மட்டும் அவர் சொந்தப் பல்லைக் கடிக்கிறார். காரணம் பின்னால் வரும். சமையலறைக் குழாய் மறுபடி ஒழுகுகிறது. உன் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றுகிறேன். இரண்டு மட்டும் போய்விட்டன. அவை நீ இருக்கும்போதே மனதளவில் போய்விட்டவை.

இனி புகார். முன்னுரை இல்லாமல் புகார் எழுதாதே, படிக்கிறவனுக்குத் தலையும் புரியாது வாலும் புரியாது என்பாய். அதனால் உனக்கே தெரிந்த கதையை உனக்கே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்.

ஊருக்கு வெளியே முப்பது வருடமாக ஒரு குப்பை மேடு எரிந்துகொண்டிருக்கிறது. உன் அலுவலகத்தில் தாழ்வாரத்துக்கு இந்தப் பக்கம் சுற்றுச்சூழல் பிரிவு, அந்தப் பக்கம் நலப் பிரிவு. மேட்டை மூட வேண்டும் என்று இந்தப் பக்கம் பச்சை நாடா கட்டிய ஒரு கோப்பு. மேட்டில் பொறுக்கிப் பிழைக்கிற முந்நூற்றுப் பன்னிரண்டு குடும்பங்களைக் கைவிடக் கூடாது என்று அந்தப் பக்கம் சிவப்பு நாடா கட்டிய ஒரு கோப்பு. பச்சையைக் கேட்டால் மனிதர்கள் எங்கள் பிரிவில் வர மாட்டார்கள் என்பார்கள். சிவப்பைக் கேட்டால் புகை எங்கள் பிரிவில் வராது என்பார்கள். எட்டு வருடம் இரண்டு கோப்பும் ஒன்றையொன்று முகம் பார்க்கவில்லை. நீ போய் இரண்டையும் ஒரே நாடாவில் கட்டினாய். மேடு மூடுகிற அதே நாளில் நான்கு குப்பைப் பிரிப்புக் கூடங்கள் திறக்க வேண்டும், மேட்டில் வேலை செய்தவர்களுக்கே அங்கே அடையாள அட்டையோடு வேலை, ஒரு நாள் முந்தவும் கூடாது, பிந்தவும் கூடாது என்று எழுதினாய். இரண்டு பிரிவுத் தலைவர்களும் ஒரே தாளில் கையெழுத்துப் போட்ட அன்று, வரன் படிந்த கல்யாணத் தரகர் மாதிரி சிரித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தாய். அதுவரைக்கும் எனக்கும் பெருமைதான்.

அப்புறம் என்ன செய்தாய்? கணக்கெடுப்புப் படிவங்களைக் கணினியில் ஏற்ற வேண்டும். தட்டச்சர் பிள்ளை பெற்று விடுப்பில் போய்விட்டார். சட்ட வரைவு எழுத நீ ஆறு வாரம் தலைநகருக்குக் கிளம்ப வேண்டும். "நீ அடி, அவ படிச்சுச் சொல்லட்டும்" என்று மேட்டிலிருந்து ஒரு பெண்ணை நம் வீட்டுக்குக் கூட்டிவந்து, உன் நாற்காலியில் உட்காரவைத்துவிட்டுப் போய்விட்டாய். அதே சுழல் நாற்காலி. நான் ஒரு சுற்றுச் சுற்றினால் "இறங்குடி" என்று நீ கத்துகிற நாற்காலி. இப்போது ஒருத்தி அதில் உட்கார்ந்து நிதானமாக, என் கண் முன்னாலேயே, வலப்பக்கம் ஒரு சுற்று, இடப்பக்கம் ஒரு சுற்று சுற்றுகிறாள்.

உடைந்த ஒலிபெருக்கியிலிருந்து எடுத்த காந்தத்தைக் குச்சியில் கட்டிக்கொண்டு இரும்பு பொறுக்குவதால் அவளுக்கு அந்தப் பெயராம். பொருத்தமான பெயர்தான். ஆணி, திருகு, தகரத்தோடு நீயும் போய் ஒட்டிக்கொண்டாய். உன் மழைக்கோட்டு அவளிடம். உன் பழைய பேனா அவளிடம். அவள் கணக்கெடுப்பு அன்று சொன்னாளாம், "மேட்ட மூடுனா பொகை போயிடும், நாங்க எங்க போறது?" என்று. அதை உன் வரைவின் முதல் பக்கத்திலேயே போட்டிருக்கிறாயாம், ஓட்டுநர் மாமா பூரிப்போடு சொன்னார். நான் பதினைந்து வருடமாக இந்த வீட்டில் ஓயாமல் பேசிக்கொண்டிருக்கிறேன். என் வாக்கியம் எதையாவது நீ எங்காவது எடுத்துப் போட்டதுண்டா? அவள் பொறுக்குகிறவள். நான் பொறுக்க முடியாதவள். அவ்வளவுதான் வித்தியாசம்.

அப்பா பல்லைக் கடித்த காரணம் இதுதான். அவருடைய அறையிலிருந்து ஒரு பிளாஸ்டர் பல் செட்டை எடுத்து, அவள் திறக்கிற மேசை இழுப்பறையில் வாயைப் பிளந்த மாதிரி வைத்தேன். அலறுவாள் என்று கதவுக்குப் பின்னால் நின்றேன். அவள் இழுப்பறையைத் திறந்தாள், பார்த்தாள், எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். "இந்த மாதிரி நாலு கெடச்சிருக்கு மேட்டுல. ஒண்ணுல தங்கப் பல்லு இருந்துச்சு. தங்கம் காந்தத்துல ஒட்டாது, கண்ணுலதான் ஒட்டும்" என்றாள். அதற்குள் அப்பா வந்து, அது நாளைக்குக் கொடுக்க வேண்டிய அளவு என்று கத்த, அவள் அவரோடு சேர்ந்துகொண்டு சிரித்தாள். என் வீட்டில், என் குறும்பில், நான் மட்டும் சிரிக்கவில்லை.

ஒரு நாளைக்கு முப்பது படிவம் போகிறது. நீ சொன்னபடி, எழுதியிருப்பதை எழுதியிருக்கிறபடியே அடிக்கிறேன். மேட்டில் எரிகிறது பாதி, வயிற்றில் எரிகிறது பாதி. இரண்டாவதற்கும் ஏதாவது திட்டம் இருந்தால் வரைவில் சேர்.

இப்படிக்கு,
உன் வயிற்றில் பிறந்து, தன் வயிறு எரியும் மகள்


வெள்ளிக்கிழமை

அன்புள்ள அம்மாவுக்கு,

வேலை முடிந்தது. முந்நூற்றுப் பன்னிரண்டு படிவங்களும் கணினியில் ஏறிவிட்டன. நேற்று நலப் பிரிவில் ஒப்படைத்தேன். அங்கே ரப்பர் முத்திரையைக் கீழே வைக்காமலேயே தேநீர் குடிக்கிற ஒரு மாமா இருக்கிறாரே, அவர் வாங்கிக்கொண்டார். "அம்மா பொண்ணா? அம்மா மாதிரியே நேரத்துக்கு முடிச்சிட்டியே" என்றார். இதை ஏன் எழுதுகிறேன் என்றால், உலகத்தில் ஒருவர் என்னைப் பாராட்டினார் என்பது கோப்பில் இருக்கட்டும்.

கடைசி இரண்டு நாள் நான் தனியாகத்தான் அடித்தேன். அவள் தம்பிக்கு இருமல் கூடிவிட்டது. காற்று இந்த வாரம் அவர்கள் குடிசைப் பக்கம் திரும்பியிருக்கிறது, புகை உள்ளேயே வந்து உட்கார்ந்துகொள்கிறதாம். அவள் தம்பியைத் தூக்கிக்கொண்டு மருத்துவமனைக்கு அலைந்தாள். இந்தச் செய்தியை நான் சொல்வதற்கு முன்பே உனக்குத் தெரிந்திருந்தது. நேற்று நீ, "அவ தம்பிக்கு எப்படி இருக்குன்னு போய்ப் பாத்தியா?" என்று கேட்டாய். எனக்கும் மூன்று நாளாக மூக்கு ஒழுகுகிறது. அது தேசியப் பிரச்சினை இல்லை, ஒத்துக்கொள்கிறேன்.

இன்னொன்று. அவளுக்கு நம் வீட்டைப் பற்றி நம்மைவிட நன்றாகத் தெரிகிறது. ஒரு நாள் பேச்சுவாக்கில், "நீ கணக்குப் பரீட்சை பேப்பர எப்பவும் நாலாத்தான் கிழிப்பியா? எட்டா கிழிச்சா ஒட்டிப் பாக்க முடியாது" என்றாள். போன வருடம் முழுக்க நான் தூக்கிப் போட்டது எல்லாம் அவள் கைவழியாகத்தான் போயிருக்கிறது. "அம்மாகிட்ட சொல்லிட்டியா?" என்று கேட்டேன். "நான் எதுக்குச் சொல்லணும், மார்க்கு உன்னுது" என்றாள். என்னை மாட்டிவிட இவ்வளவு நல்ல வாய்ப்பு கிடைத்தும் சும்மா விட்டுவிடுகிறாள் பார். அதுதான் இன்னும் எரிச்சலாக இருக்கிறது. (மதிப்பெண் எவ்வளவு என்று கேட்காதே. அது காற்றில் கலந்துவிட்டது.)

ஆறாவது கட்டத்தைப் பற்றி அவள் ஏதோ சொன்னாள். பெரிய விஷயமில்லை. எழுதியிருப்பதை எழுதியிருக்கிறபடியே அடி, ஓர் எழுத்தைக்கூட மாற்றாதே என்று நீ சொல்லியிருந்தாய். நான் மாற்றவில்லை. சொன்ன பேச்சைக் கேட்கிற பெண் என்று என்னைப் பற்றியும் எங்காவது குறித்துக்கொள்.

தற்காலிகப் பட்டியலைச் செவ்வாய்க்கிழமை நகராட்சிச் சுவரில் ஒட்டுவார்களாம். அதன் பிறகு அவள் இங்கே வர வேண்டிய வேலை இல்லை. நாற்காலியைத் துடைத்து வைத்துவிட்டேன். நீ வருகிற வரை அது காலியாகவே இருக்கும். நானும் உட்காரவில்லை, நம்பு.

இப்படிக்கு,
சொன்னபடி நடந்த மகள்


வியாழக்கிழமை மாலை

அன்புள்ள அம்மாவுக்கு,

இதைத் தனியாக இருக்கும்போது படி. கூட இருப்பவர்களுக்கு வாசித்துக் காட்டுகிற மாதிரி இதில் எதுவும் இல்லை.

போனிலேயே சொல்லலாம்தான். மூன்று தடவை கூப்பிட்டேன். மூன்று தடவையும் நீ "சொல்லுடா" என்றாய். நான் "சும்மாதான் கூப்பிட்டேன்" என்று வைத்துவிட்டேன். நீயும் அவசரத்தில் இருந்தாய்.

செவ்வாய்க்கிழமை சுவரில் இரண்டு பட்டியல் ஒட்டினார்கள். முதலாவது, பிழைப்பை இழப்போர்: இருநூற்று ஐம்பத்தொரு குடும்பம். இரண்டாவது, இழப்பு ஏதும் இல்லாதோர்: அறுபத்தொரு குடும்பம். இரண்டாம் பட்டியலில் இருப்பவர்களுக்குப் பிரிப்புக் கூடத்தில் இடமில்லை. மேடு மூடும் தேதி மட்டும் எல்லோருக்கும் பொது. நீ ஒரே நாடாவில் கட்டிய இரண்டு கோப்பில் இந்த அறுபத்தொரு பேருக்கு மட்டும் பச்சைக் கோப்பு கிடைத்திருக்கிறது, சிவப்புக் கோப்பு கிடைக்கவில்லை. அவர்களில் நாற்பதாவது பெயர் காந்தத்தின் அப்பாவுடையது.

காரணம் நான்.

படிவத்தில் ஆறாவது கட்டம் "செய்யும் தொழில்". அவள் வந்த முதல் நாளே அந்தக் கட்டத்தில் விரலை வைத்துச் சொன்னாள். "எங்க ஆளுங்ககிட்ட என்ன வேலை பாக்குறீங்கன்னு கேட்டா, சும்மாதான், மேட்டுல பொறுக்கிட்டிருக்கோம்னு சொல்லுவாங்க. வேலைன்னா மணி அடிக்கணும், மேலதிகாரி திட்டணும்னு அவங்க நெனப்பு. எழுத வந்த காலேஜ் பசங்கள்ல பாதிப் பேரு பொறுக்குறதுன்னு எழுதியிருக்காங்க. மீதிப் பேரு கையி வலிச்சுதோ என்னமோ, சும்மான்னு மட்டும் எழுதிட்டுப் போயிட்டாங்க. கம்ப்யூட்டருக்கு சும்மான்னா என்னன்னு தெரியுமா? அம்மாகிட்ட கேட்டு மாத்தி அடி."

கேட்கிறேன் என்றேன். கேட்கவில்லை. மறந்துபோய் இல்லை அம்மா. கேட்டால் நீ என்ன சொல்வாய் என்று எனக்குத் தெரியும். "பாத்தியா, இவ்வளவு படிச்சவங்க உக்காந்து படிவம் போட்டோம், யாருக்கும் தோணல, அவளுக்குத் தோணியிருக்கு" என்பாய். அதைச் சொல்லும்போது உன் குரல் எப்படி இருக்கும் என்றும் தெரியும். அந்தக் குரலை இன்னொரு தடவை கேட்க முடியாது என்றுதான் போனை எடுக்கவில்லை. இரண்டு நாள் கழித்து, "மாத்திட்டியா?" என்று கேட்டாள். "மாத்திட்டேன்" என்றேன். உன் கோப்பில் இருந்தது பச்சை நாடா. என் வாயில் வந்தது பச்சைப் பொய். அதன் பிறகு அறுபத்தொரு தடவை, ஒவ்வோர் எழுத்தாக, சும்மா, சும்மா, சும்மா என்று அடித்தேன். கேட்டால் நீ சொன்னபடி செய்தேன் என்று சொல்லிக்கொள்ளலாம் என்று ஒரு தைரியம்.

நலப் பிரிவில், ஆறாவது கட்டம் காலியாக இருந்தாலும் சும்மா என்று இருந்தாலும் "தொழிலற்றோர்" என்று குறியீடு போட்டுவிட்டார்கள். தொழில் இல்லாதவர் தொழிலை இழக்க முடியாது அல்லவா. கணக்கில் நான் முட்டாள்தான், ஆனால் இந்தக் கணக்கு என்னைவிட முட்டாளாக இருக்கிறது.

செவ்வாய் சாயங்காலம் அவள் நம் வீட்டு வாசலில் நின்றாள். உள்ளே வா என்றேன், வரவில்லை. படிவத்தில் கையெழுத்துப் போட மாட்டோம் என்று நின்ற வீடுகளுக்கெல்லாம் அவள்தான் நடந்து நடந்து போய், அதிகாரியம்மா ஏமாற்ற மாட்டார் என்று சொல்லிக் கையெழுத்து வாங்கியிருக்கிறாள். இப்போது எல்லோரும் அவளை "அதிகாரியம்மாவோட வாலு" என்கிறார்களாம். அவள் அப்பா அவளோடு பேசுவதை நிறுத்திவிட்டாராம். இதையெல்லாம் அழாமல், கம்பிக் கதவைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். கடைசியில், "நீ மாத்தி அடிச்சத உங்கம்மா திரும்ப மாத்திட்டாங்களா?" என்று கேட்டாள்.

நான், "தெரியல" என்றேன்.

அவள் போன பிறகு எனக்கு என்ன தோன்றியது என்பதையும் எழுதிவிடுகிறேன். எழுதாவிட்டால் இந்தக் கடிதம் எழுதியதில் அர்த்தமில்லை. ஒரு நிமிடம் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அவளுக்கு உன் மேல் கோபம். இனி உன்னை அவளுக்குப் பிடிக்காது. நீ முழுசாக எனக்கே திரும்பி வந்துவிட்டாய். ஒரு நிமிடம்தான். அதற்குள் அப்பா உள்ளேயிருந்து, "யாரு வந்தது?" என்று கேட்டார். "யாருமில்ல" என்றேன். அவளை யாருமில்லை என்று சொல்லிவிட்டு உள்ளே வந்தேன். "மாத்திட்டேன்" என்றதையும் சேர்த்தால் மூன்று பொய். இவ்வளவுக்கும் இது ஒரு வேடிக்கைகூட இல்லை.

புதன்கிழமை பள்ளிக்கூடம் போகவில்லை. அதற்கும் சேர்த்துத் திட்டிக்கொள். மேட்டுக்குப் போனேன். நீ எத்தனையோ தடவை கூப்பிட்டும் நாற்றம் என்று வராத இடம். லாரி வந்து பின்பக்கத்தைத் தூக்கிக் கொட்டுகிறது. கொட்டிய நொடியில் பறவைகளும் நாய்களும் மனிதர்களும் ஆளுக்கொரு பக்கம் இறங்குகிறார்கள். யாரும் யாரையும் இடிக்கவில்லை. கண்ணாடி பொறுக்குகிறவர் அட்டையைத் தொடுவதில்லை, அட்டைக்காரர் தகரத்தைத் தொடுவதில்லை. காலடியில் மண் சுடுகிறது. செருப்பின் அடிப்பக்கம் இளகுகிற வாடை வந்தது. அந்த வாடையில்தான் அந்தத் தம்பி தூங்குகிறான்.

பாட்டில் அத்தை என்று ஒருவர் இருக்கிறார். பட்டியலில் பதினேழாவது பெயர். ஒரு வாளித் தண்ணீரை வைத்துக்கொண்டு பிளாஸ்டிக் துண்டுகளை ஒவ்வொன்றாகப் போடுகிறார். மிதந்தால் ஒரு சாக்கு, மூழ்கினால் ஒரு சாக்கு. சந்தேகமாக இருப்பதை நகத்தால் சுண்டி, காதுக்குப் பக்கத்தில் சத்தம் கேட்டு, மூன்றாவது சாக்கில் போடுகிறார். ஏழு வகை இருக்கிறதாம். எனக்கு ஏழும் ஒரே மாதிரி தெரிந்தன. "இவ்வளவு செய்யறீங்களே அத்தை, ஏன் சும்மான்னு சொன்னீங்க?" என்று கேட்டேன். அவர் வாளியிலிருந்து கண்ணை எடுக்காமல், "ஆமா, பின்ன என்ன, சும்மாதான பாப்பா உக்காந்திருக்கேன்" என்றார். சொல்லும்போதே இரண்டு துண்டு சாக்குக்குப் போய்விட்டது.

வீட்டில் நான் எங்காவது சத்தமில்லாமல் இருந்தால் நீ "என்னடி பண்றே?" என்று கேட்பாய். "சும்மாதாம்மா" என்பேன். அடுத்த நொடி கையில் கரண்டியோடு ஓடிவந்து, நான் எதைப் பிரித்துப் போட்டிருக்கிறேன் என்று பார்ப்பாய். என் வாயிலிருந்து அந்தச் சொல் வந்து ஒரு தடவைகூட நீ நம்பியதில்லை. அறுபத்தொரு பேர் சொன்னதை மட்டும் எப்படி அம்மா எல்லோரும் அப்படியே நம்பினோம்?

அங்கேயே, பாட்டில் அத்தைக்கு முன்னால், காந்தத்திடம் சொல்லிவிட்டேன். என் அம்மா மாற்றவில்லை, நான்தான் மாற்றவே இல்லை, மாற்றினேன் என்று பொய் சொன்னேன் என்று. ஏன் என்று கேட்டாள். "நாற்காலி" என்றேன். வேறு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. பாட்டில் அத்தை மட்டும், "என்னடி, நாற்காலியில ஆணி கீணி இருந்துச்சா?" என்று கேட்டார். யாரும் சிரிக்கவில்லை. அவள் என்னை அடிப்பாள் என்று நினைத்தேன், அடித்திருந்தால் கணக்குத் தீர்ந்திருக்கும். அவள் குச்சியைச் சாக்கில் செருகிவிட்டு, "ஆட்சேபணை சொல்ல நாளைக்கு அஞ்சு மணிதான் கடைசி. அறுவத்தோரு வீடு இருக்கு. நீ எங்கிட்ட பேசாத. எழுது" என்று நடக்க ஆரம்பித்தாள்.

நான் பேசவில்லை. எழுதினேன். என் வாழ்நாளில் முதல் தடவையாக ஒன்றரை நாள். அவள் ஒவ்வொருவரிடமும், "என்ன வேலை பாக்குறே?" என்று கேட்கவே இல்லை. "நேத்து காலையில எழுந்ததுலேர்ந்து என்னென்ன பண்ணேன்னு சொல்லு" என்று கேட்டாள். அவ்வளவுதான், கொட்ட ஆரம்பித்துவிட்டார்கள். ஒருவர் பழைய மின்கம்பியின் தோலைச் சுடாமல் உரிக்கிறார், சுட்டால் பிள்ளைகளுக்கு மூச்சு முட்டும் என்று. ஒருவர் மருந்து ஊசிகளைத் தனியாக எடுத்துத் தகர டப்பாவில் மூடி வைக்கிறார், மற்றவர்கள் காலில் குத்தக் கூடாது என்று. அதைச் செய்யும்படி யாரும் அவரிடம் சொல்லவில்லை. காந்தத்தின் அப்பா மழைக்கு முன்னால் மேட்டைச் சுற்றி வாய்க்கால் வெட்டுகிறார், கறுப்புத் தண்ணீர் குடியிருப்புக் கிணற்றுப் பக்கம் போகாமல் இருக்க. பதினோரு வருடமாக. அவரிடம் மட்டும் அவள் கேட்கவில்லை, தள்ளி நின்றாள். நான் கேட்டேன். அவர் சொன்னதையெல்லாம் சொல்லிவிட்டு, "இதப் போயி எழுதுறியே" என்றார். ஒருத்தர் மறுபடியும் படிவமா என்று நாயை அவிழ்த்துவிட்டார். அவருடைய தொழிலை ஓடிக்கொண்டே எழுதினேன், கையெழுத்து கொஞ்சம் கோணலாக இருக்கும்.

நீ போட்ட திட்டத்தில் சுற்றுச்சூழல் ஒரு பக்கம், மனிதர்கள் ஒரு பக்கம், இரண்டையும் சேர்த்துக் கட்ட வேண்டும் என்று எழுதியிருக்கிறாய். ஆறாவது கட்டத்தை எழுதி முடித்தபோது எனக்கு ஒன்று தோன்றியது. அங்கே அது ஏற்கெனவே ஒன்றாகத்தான் இருக்கிறது அம்மா. தாழ்வாரம் நம் அலுவலகத்தில்தான் இருக்கிறது. இந்த வாக்கியத்தை உன் வரைவில் போடு என்று கேட்க எனக்கு ஆசைதான். கேட்கவில்லை.

இன்று நாலே முக்காலுக்கு நலப் பிரிவில் மனுவைக் கொடுத்தோம். முத்திரை மாமா மேலிருந்து கீழே படித்தார், தேநீரைக் கீழே வைத்தார். மனுவின் கடைசிப் பத்தியில், படிவங்களை அடித்தது நான்தான், எச்சரித்தும் சரிசெய்யவில்லை, அது படிவம் கொடுத்தவர்களின் தவறு அல்ல என்று எழுதியிருந்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "பாப்பா, இதை வீட்ல வெச்சு அடிக்க உங்கம்மா எழுத்துல அனுமதி வாங்கியிருக்காங்களா?" என்று கேட்டார். வாய்மொழி அனுமதி என்றேன். "அப்ப இந்தக் கடைசிப் பத்தி தலைநகருக்குப் போய்ச் சேந்தா, முதல்ல கேள்வி உங்கம்மாவத்தான் கேப்பாங்க. வரைவுக் குழுவுலேர்ந்து எழுப்பிவிட்டாலும் விடுவாங்க. பத்திய எடுத்துட்டு, கணினிக் கோளாறுன்னு போட்டுடலாமா? நாலு நிமிஷ வேலை" என்றார். நல்ல மனிதர்தான், உன் மேல் உள்ள மரியாதையில் சொன்னார்.

காந்தம் அப்போதும் என்னிடம் பேசவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கணினிக் கோளாறு என்றால் விசாரணைக்கு மூன்று மாதம் ஆகுமாம். மேடு மூட ஏழு வாரம்தான் இருக்கிறது. மாமாவிடம், முத்திரை குத்துங்கள் என்றேன். குத்திவிட்டார். ஒப்புகைச் சீட்டு அவளிடம் இருக்கிறது.

இனி நீ செய்ய வேண்டியது. ஆறாவது கட்டம் தவறாகப் பதிவானது, மறுபடி எடுத்த விவரத்தை ஏற்கலாம் என்று கணக்கெடுப்புக்குப் பொறுப்பான அதிகாரி ஒரு குறிப்பு எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். திங்கள் மதியத்துக்குள் போய்ச் சேர வேண்டும். அந்த அதிகாரி நீ. அதில் கையெழுத்துப் போட்டால், படிவத்தை உன் மகளிடம் கொடுத்ததை நீயே ஒத்துக்கொண்ட மாதிரி ஆகிவிடும். போடாவிட்டால் அறுபத்தொரு குடும்பம் இரண்டாம் பட்டியலிலேயே நின்றுவிடும். உன்னை இப்படி ஓர் இடத்தில் கொண்டுபோய் நிறுத்தியது நான். என்னைக் காப்பாற்ற வேண்டும் என்று ஒரு வார்த்தையைக்கூட மாற்றாதே. நடந்ததை நடந்தபடியே எழுது. மறுபடி எழுதிய அறுபத்தொரு தாள்களின் நகல் இந்த உறைக்குள் இருக்கிறது.

அவள் சொன்னதுதான் சரி. இந்த ஒரு வரியை எழுத மட்டும் அரை மணி நேரம் ஆயிற்று. பொறாமை போய்விட்டது என்று எழுதினால் அது நாலாவது பொய்யாகும். போகவில்லை. உன் மழைக்கோட்டை அவள் போட்டுக்கொண்டு வந்தால் எனக்கு இன்னும் பிடுங்கிக்கொள்ளத்தான் தோன்றுகிறது. பிடுங்க மாட்டேன்.

இதைப் படித்ததும் நீ போனை எடுப்பாய். முதலில் அவளைக் கூப்பிடு. பாட்டில் அத்தையின் எண்ணுக்குப் போட்டால் அவளிடம் கொடுப்பார். அவள் அப்பாவையும் கூப்பிடச் சொல்லி, அவர் காதில் விழும்படி அவள் மேல் தப்பில்லை என்று சொல். அதன் பிறகு முத்திரை மாமாவிடம் பேசு. அப்பாவிடம் நான் இன்னும் சொல்லவில்லை, நீயே பக்குவமாகச் சொல்லிவிடு, கையில் யாருடைய பல்லாவது இருக்கும். எல்லாம் முடிந்த பிறகு, நேரம் இருந்தால், எனக்குப் போன் பண்ணு. பரவாயில்லை விடு என்று மட்டும் சொல்லாதே. திட்டு. பக்கத்தில் யாரையும் வைத்துக்கொள்ளாமல், அவசரப்படாமல், எனக்கு மட்டும் என்று உட்கார்ந்து திட்டு.

இப்படிக்கு,
உன் மகள்